ஸ்கைடைவிங் படமெடுக்க எந்தக் கேமரா? வேகத்தை விடுங்கள், தலையிலிருந்து தொடங்குங்கள்

கேமரா வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகப் பார்ப்பது மெகாபிக்சல், சென்சார் அளவு, நொடிக்கு எத்தனை படம் என்பவற்றை. ஸ்கைடைவிங் என்று வந்தால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழும் ஆளைப் படம் பிடிக்க எவ்வளவு வேகமான கேமரா வேண்டும்? கேள்வியே கொஞ்சம் பிசகானது. இதை நம்பித்தான் பலர் விளையாட்டுப் போட்டிகளுக்கான கனத்த கேமராவை வாங்கிவிட்டு, அதை ஹெல்மெட்டில் பொருத்தவும் முடியாமல், பொருத்தினாலும் ஷட்டரை அமுக்க வழியில்லாமல் திண்டாடுகிறார்கள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று புரிய, முதலில் ஒரு குதிப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேலை

பெரும்பாலான இடங்களில் விமானம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்துக்குப் போகும். கதவு திறந்து வெளியே வந்ததும் வேகம் கூடிக்கொண்டே போய், 10 முதல் 12 நொடிக்குள் மணிக்கு 190–200 கிலோமீட்டரை எட்டும். அதற்குமேல் கூடாது. கீழே இழுக்கும் எடையும் மேலே தள்ளும் காற்றும் அங்கே சமமாகிவிடுகின்றன. இதுதான் முற்றுத் திசைவேகம். வயிறு தரையைப் பார்க்க விழுபவருக்கான கணக்கு இது. தலைகீழாக விழுந்தால் மணிக்கு 250 கிலோமீட்டரையும் தாண்டலாம்.

பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டேண்டம் குதிப்பில் பாராசூட்டை ஏறத்தாழ 1,600 மீட்டரில் திறப்பார்கள். ஆக, படமெடுப்பவருக்குக் கிடைப்பது சுமார் 50 நொடி. ‘இன்னொரு தடவை நில்லுங்கள்’ என்று சொல்ல வழியில்லை. மெனுவுக்குள் போய் எதையும் மாற்றவும் முடியாது. கேமராவின் எல்லா முடிவுகளும் தரையிலேயே எடுக்கப்பட்டுவிட வேண்டும்.

குளிரும் உண்டு. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். தரையில் 30 டிகிரி இருந்தால் மேலே 4 டிகிரிதான். இது பேட்டரியைக் கொஞ்சம் சோர்வாக்கும், ஆனால் ஒரு நிமிட வேலைக்கு அது பெரிய விஷயமில்லை. தொந்தரவு கீழே வரும்போதுதான். குளிர்ந்த லென்ஸ் ஈரமான வெப்பக்காற்றுக்குள் நுழைந்ததும் பனி படியும். தரையிறங்கும் காட்சி மங்கலாக வருவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

இடையில் ஒரு பழங்கதை. ஹார்ட் டிஸ்கில் பதிவுசெய்யும் வீடியோ கேமராக்கள் ஒரு காலத்தில் வந்தன. அவற்றில் சிலவற்றுக்குள் கேமரா கீழே விழுவதை உணர்ந்து, டிஸ்கைக் காப்பாற்றப் பதிவையே நிறுத்திவிடும் சென்சார் இருந்தது. விமானத்திலிருந்து குதித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், முற்றுத் திசைவேகத்தை எட்டியபின் உடல் எடையற்று மிதப்பதில்லை. வேகம் மாறாததால் தரையில் இருக்கும் அதே எடையைத்தான் உணரும், தாங்குவது மட்டும் காற்று. விழுகிற உணர்வு முதல் சில நொடிகளில்தான். இன்றைக்கு எல்லாமே மெமரி கார்டு என்பதால் அந்தத் தலைவலி போய்விட்டது.

வேகம் ஏன் பெரிய பிரச்சினை இல்லை

படம் கலங்குவது, கேமராவுக்கும் எதிரில் இருப்பவருக்கும் இடையே உள்ள வேக வித்தியாசத்தால். ஸ்கைடைவிங்கில் படமெடுப்பவரும் எதிரில் இருப்பவரும் ஒரே வேகத்தில் விழுகிறார்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் அவர் அசையாமல் மிதப்பதுபோலவே தெரிவார். வேக வித்தியாசம் கிட்டத்தட்ட சுழியம்.

சரி, பின்னால் இருக்கும் நிலம்? மணிக்கு 200 கிலோமீட்டர் என்பது நொடிக்கு சுமார் 55 மீட்டர். 1/500 நொடிக்கு ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் விழுவது 11 சென்டிமீட்டர். மூவாயிரம் மீட்டருக்கு அப்பால் இருக்கும் வயலோ கடற்கரையோ அந்த 11 சென்டிமீட்டரால் கலங்கப்போவதில்லை.

அப்படியானால் படத்தில் அசைவது எது? காற்றில் படபடக்கும் உடை, அலையடிக்கும் கன்னம், முக்கியமாகப் படமெடுப்பவரின் தலை. இதற்கெல்லாம் 1/500 முதல் 1/1000 வரை போதும். இருபது ஆண்டுக்கு முந்தைய டிஜிட்டல் எஸ்எல்ஆரும் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) இதைச் சிரமமில்லாமல் செய்யும்.

விதிவிலக்கு இரண்டு தருணங்கள். ஒன்று, விமானக் கதவை விட்டு வெளியேறும் கணம். எல்லாரும் வெவ்வேறு திசையில் நகர்கிறார்கள், விமானமும் விலகிப் போகிறது. இரண்டாவது, பாராசூட் திறக்கும் கணம். எதிரில் இருப்பவர் திடீரென்று மேலே உறிஞ்சப்படுவதுபோலத் தெரியும், உண்மையில் அவர் வேகம் குறைகிறது, படமெடுப்பவர் அதே வேகத்தில் கீழே போகிறார். ஒன்றிரண்டு நொடியில் ஆள் சின்னப் புள்ளியாகிவிடுவார். இந்த இரண்டுக்கும்தான் நொடிக்கு நான்கைந்து படமாவது எடுக்கும் கேமரா வேண்டும். நொடிக்கு 20, 30 என்பதெல்லாம் தரைக்கு வந்தபின் உட்கார்ந்து அழிக்கும் வேலையைத்தான் கூட்டும்.

கழுத்து தாங்குமா

இங்கிருந்துதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. கையில் கேமரா பிடித்துக்கொண்டு குதிக்க முடியாது. கைகளும் கால்களும்தான் பறப்பதற்கான திசைதிருப்பிகள், பாராசூட்டைத் திறக்கவும் கை வேண்டும். எனவே கேமரா ஹெல்மெட்டின் மேல் ஏறுகிறது. தலையில் ஏறும் பொருளுக்கு இரண்டு வகைச் சுமை வரும்.

1. காற்றின் தள்ளு. நொடிக்கு 55 மீட்டர் காற்று 12 சென்டிமீட்டர் அகலமும் 9 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு சிறிய எஸ்எல்ஆரின் முன்புறத்தில் நேராக அடித்தால், அந்தத் தள்ளு சுமார் ஒன்றரை கிலோ எடைக்குச் சமம். கேமராவின் சொந்த எடையைவிடவே அதிகம். உள்ளே கண்ணாடி இல்லாத, உயரம் குறைந்த மிரர்லெஸ் கேமராவுக்கு ஒரு கிலோ அளவில் வரும், ஆக்‌ஷன் கேமராவுக்கு (கோப்ரோ போன்ற கைக்கடக்கமான வீடியோ கேமரா) அரைக்கிலோ. வேகம் 200-லிருந்து 250 ஆனால் இந்தத் தள்ளு ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலாகக் கூடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. கேமரா வாங்கும்போது எடையை மட்டும் பார்க்கிறோம், முகப்பின் பரப்பையும் பார்க்க வேண்டும்.

2. பாராசூட் திறக்கும் குலுக்கு. சாதாரணமாகத் திறக்கும்போதே உடல் தன் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கை உணரும். எப்போதாவது முரட்டுத்தனமாகத் திறந்தால் பத்து மடங்கையும் தொடலாம். ஹெல்மெட், கேமரா, லென்ஸ் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ என்று வைத்துக்கொண்டால், நல்ல திறப்பில் கழுத்தின்மேல் எட்டு கிலோ, மோசமான திறப்பில் 20 கிலோ. அந்தச் சுமை ஒருபக்கமாக இருந்தால் கழுத்து முறுகும்.

இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கிராமைக் கணக்குப் பார்க்கிறார்கள். கேனன் 2013-ல் கொண்டுவந்த 100டி என்ற எஸ்எல்ஆர் பேட்டரி, கார்டு உட்பட 407 கிராம்தான். சோனியின் ஏ6000 மிரர்லெஸ் கேமரா, 2014-ல் வந்தது, 344 கிராம். முழுச்சட்ட (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ள) எஸ்எல்ஆரான கேனன் 5டி மார்க் 3 லென்ஸ் இல்லாமலே 950 கிராம். படத்தின் தரத்தில் கடைசியாகச் சொன்னதே மேல். ஆனால் பட்டப்பகலில், இரண்டரை மீட்டர் தூரத்தில், அகல லென்ஸில் எடுத்த படத்தைப் பார்த்து எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்வது கடினம். அந்த 600 கிராம் வித்தியாசம் கழுத்துக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

எங்கே பொருத்துவது என்பதும் இதோடு சேர்ந்ததே. உச்சியில் பொருத்தினால் எடை நடுவில் இருக்கும், ஆனால் உயரம் கூடும். பக்கவாட்டில் பொருத்தினால் உயரம் குறையும், ஆனால் ஒருபக்கம் இழுக்கும். ஸ்டில் கேமரா மேலே, சிறிய வீடியோ கேமரா பக்கத்திலோ முன்னாலோ என்பதே பலர் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு.

பல்லால் கடித்துப் படமெடுப்பது

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது, ஆனால் விற்பனைப் பக்கங்களில் கடைசி வரியில் இருக்கும்: கேமராவில் கம்பி ரிமோட் பொருத்தும் துளை உண்டா?

கை இரண்டும் பறப்பதில் மும்முரமாக இருப்பதால் ஷட்டரை வாயால் இயக்குகிறார்கள். பல்லுக்கு நடுவே வைத்துக் கடிக்கும் சுவிட்ச், நாக்கால் அழுத்தும் சுவிட்ச், ஊதினால் இயங்கும் சுவிட்ச் என்று வகைகள் உண்டு. எல்லாமே கேமராவின் ரிமோட் துளையில் செருகும் ஒரு மெல்லிய கம்பிதான். கேனனின் சிறிய எஸ்எல்ஆர்கள் ஸ்கைடைவர்களிடையே இவ்வளவு பரவியதற்கு எடையோடு சேர்ந்த இன்னொரு காரணம், அவற்றில் இருந்த 2.5 மில்லிமீட்டர் ஜாக். சாதாரண ஆடியோ ஜாக்கின் தம்பி மாதிரி இருக்கும் அது, எங்கும் கிடைக்கும், எளிதில் பற்றவைக்கலாம். கேனனின் பெரிய மாடல்களில் வேறு வகை, மூன்று ஊசி உள்ள செருகி. சோனி ஏ6000-இல் யுஎஸ்பி வடிவிலான தனித் துளை. மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், கேமரா வாங்கும் முன்பே அதற்குப் பொருந்தும் வாய்ச் சுவிட்ச் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய சிறிய மாடல்கள் சிலவற்றில் இந்தத் துளையையே எடுத்துவிட்டு ப்ளூடூத் ரிமோட்டை மட்டும் வைக்கிறார்கள். தரையில் அது வசதிதான். மேலே போகும் 15, 20 நிமிடத்தில் இணைப்பு தூங்கிவிட்டால் மறுபடி எழுப்ப நேரமில்லை. இப்படிப்பட்ட கேமரா மற்ற எல்லாவற்றிலும் சிறந்ததாக இருந்தாலும் ஒதுக்கிவிடலாம் என்பதே என் கருத்து.

இதில் இன்னொரு நுணுக்கம். கேமராப் பொத்தானை அரைவாசி அமுக்கினால் ஃபோகஸ், முழுதாக அமுக்கினால் படம். வாய்ச் சுவிட்ச் பலவற்றில் இந்த இரண்டு படிகள் இல்லை, ஒரே கடியில் இரண்டும் நடக்கும். ஆட்டோஃபோகஸ் ஓடிக்கொண்டிருந்தால், ஃபோகஸ் கிடைக்கும்வரை சில கேமராக்கள் படமே எடுக்காது. எவ்வளவு கடித்தாலும் மௌனம்தான். ஃபோகஸ் கிடைக்காவிட்டாலும் படம் எடு என்று சொல்லும் அமைப்பு மெனுவில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

சரி, எதைப் படமெடுக்கிறோம் என்று எப்படித் தெரியும்? கேமரா தலைக்கு மேல், திரையைப் பார்க்க வழியில்லை. அதற்கு ஹெல்மெட்டிலிருந்து கண்ணுக்கு முன்னால் நீளும் சிறிய வளையக் குறிகாட்டி ஒன்றைப் பொருத்துவார்கள். அதன் வழியாகப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் தெரியும், அந்த வட்டங்களின் நடுவில் ஆள் இருந்தால் படத்திலும் நடுவில் இருப்பார். இதைத் தரையில் வைத்து, தூரத்துப் பொருள் ஒன்றைக் குறியாகக் கொண்டு லென்ஸோடு ஒத்துப்போகும்படி சரிசெய்ய வேண்டும்.

லென்ஸ்: அகலமாக, அசையாமல்

காற்றில் துல்லியமாகக் குறிபார்க்க முடியாது என்பதால் லென்ஸ் அகலமாக இருப்பது நல்லது. முழுச்சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில் 16 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், இரண்டரை மீட்டர் தூரத்தில் சுமார் 3.6 மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வரும். கை விரித்திருக்கும் டேண்டம் ஜோடி அடங்கி, சுற்றிலும் கொஞ்சம் வானமும் இருக்கும். அதே இடத்தில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 1.2 மீட்டர்தான், முகமும் தோளும் வரும், அதுவும் குறி தப்பினால் வெறும் வானம். மீன்கண் லென்ஸ் பெரிய கூட்டங்களுக்கு உதவும், ஆனால் அடிவானத்தை வில்லாக வளைத்துவிடும். முதல் லென்ஸாக அதை வாங்க வேண்டாம்.

ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் அகலமான முனையில் வைத்து வளையத்தைப் பிசின் நாடாவால் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டாவிட்டால் காற்றும் குலுக்கமும் சேர்ந்து வளையத்தைத் திருப்பிவிடும். இதற்கு ஜூம் இல்லாத, சிறிய, நிலைத்த லென்ஸே நிம்மதி. கேமராவை இயக்கும்போதெல்லாம் மோட்டாரால் வெளியே நீளும் வகை லென்ஸ்களைத் தவிர்ப்பது நல்லது. நீளும் குழாயைக் காற்று பக்கவாட்டில் தள்ளும், மென்மையான பற்சக்கரங்கள் தாங்காது.

லென்ஸுக்குள்ளோ கேமராவுக்குள்ளோ இருக்கும் நடுக்கத் தடுப்பு பற்றியும் குழப்பம் உண்டு. கை நடுக்கத்துக்காகச் செய்யப்பட்டது அது. காற்றின் அதிர்வு அதைவிடப் பலமடங்கு வேகமானது. மிதக்கும் கண்ணாடிகளும் சென்சாரும் அந்த அதிர்வுக்கு எதிராக ஆடி, படத்தை இன்னும் மோசமாக்குவதும் உண்டு. 1/1000 நொடி ஷட்டருக்கு நடுக்கத் தடுப்பே தேவையில்லை, அணைத்துவிடலாம். வீடியோவில் கதை வேறு. அங்கே எந்தப் பாகமும் அசையாமல் மென்பொருளால் நிலைப்படுத்தும் முறை நன்றாக வேலை செய்கிறது. கோப்ரோ 2018-ல் ஹீரோ7 பிளாக் மாடலில் கொண்டுவந்த ஹைப்பர்ஸ்மூத் இந்த வகைதான்.

ஃபோகஸ்: ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுவது

அகல லென்ஸின் பெரிய நன்மை, ஃபோகஸைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாம் என்பது. ஏபிஎஸ்-சி சென்சாரில் 16 மில்லிமீட்டர் லென்ஸின் ஒளித்துளையை எஃப்/8 அளவில் (எண் கூடினால் துளை சிறிதாகும்) வைத்து, 1.6 மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் செய்தால், 80 சென்டிமீட்டர் முதல் அடிவானம்வரை எல்லாமே தெளிவாக வரும். துளையை எஃப்/2.8-க்கு விரித்தால், ஃபோகஸை நாலரை மீட்டருக்குத் தள்ள வேண்டும், அப்போது தெளிவு இரண்டேகால் மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். பகல் வெளிச்சத்தில் எஃப்/8 வைக்கத் தடையில்லை என்பதால் முதல் வழியே சிறந்தது.

ஆனால் மிரர்லெஸ் லென்ஸ்களில் ஒரு பொறி இருக்கிறது. பலவற்றில் ஃபோகஸ் வளையம் கண்ணாடியோடு நேரடியாக இணைந்திருக்காது, அது மோட்டாருக்குச் செய்தி அனுப்பும் வெறும் சக்கரம். கேமரா அணைந்தாலோ மின்சாரம் சேமிக்கத் தூங்கப் போனாலோ, லென்ஸ் தன் பழைய இடத்தை மறந்துவிடலாம். தரையில் அளந்து வைத்த ஃபோகஸ் விமானம் மேலே ஏறும்போதே தொலைந்துபோகும். தூர அளவு பொறித்த, கையால் திருப்பும் பழைய பாணி லென்ஸை நாடாவால் ஒட்டிவைத்தால் இந்தத் தொல்லையில்லை. அல்லது தூங்கும் நேரத்தை அரைமணியாக நீட்டிவைக்க வேண்டும்.

ஆட்டோஃபோகஸ்காரர்கள் முகமறியும் வசதியைச் சொல்வார்கள். புதிய கேமராக்களில் அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, பழைய எஸ்எல்ஆர்கள்போல ஆளை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள மேகத்தைப் பிடிப்பதில்லை. இருந்தாலும் தெளிவு 80 சென்டிமீட்டரிலிருந்தே கிடைக்கும்போது அதை நம்பியிருக்கத் தேவை என்ன?

ஷட்டர், சென்சார், கார்டு

எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. சாதாரண சென்சாரில் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே 1/20 நொடிவரை ஆகலாம். அதற்குள் தலை திரும்பினால் நேர்க்கோடு சாயும், விமானத்தின் சுழலும் விசிறி வாழைப்பழம்போல வளையும். மெக்கானிக்கல் ஷட்டரில் திரை கடப்பது ஏறத்தாழ 1/200 நொடியில் முடிவதால் இது பெரும்பாலும் தெரியாது. எனவே மெக்கானிக்கல் ஷட்டர் உள்ள கேமராவை வாங்கி, அதையே பயன்படுத்துங்கள். சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கும் குளோபல் ஷட்டர் முழுச்சட்ட அளவில் முதன்முதலாக 2023-ல் சோனி ஏ9 மூன்றாம் பதிப்பில் வந்தது. அருமையான தொழில்நுட்பம், ஆனால் 700 கிராம்.

ராவா (சென்சார் தரும் முழுத் தரவு, பெரிய கோப்பு), ஜேபெக்கா (சுருக்கிய சிறிய கோப்பு) என்பதில் இங்கே விடை வழக்கத்துக்கு மாறானது. சிறிய கேமராக்களின் உள்நினைவகம் ராவில் சில படங்களிலேயே நிறைந்துவிடும். 100டி-யில் ஏழு படம், ஏ6000-இல் இருபதை ஒட்டி. நிறைந்ததும் கேமரா மூச்சு வாங்கும், சரியாகப் பாராசூட் திறக்கும் நேரத்தில்! ஜேபெக்கில் எடுத்தால், நொடிக்கு மூன்று நான்கு என்ற நிதானத்தில் குதிப்பு முழுக்க ஓடும். வேகமான கார்டு போட்டால் இடைவெளி இன்னும் குறையும்.

வெளிச்சத்துக்கான அமைப்பு எளிது. தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 200, எஃப்/8, 1/800 நொடி என்பது அடிப்படைக் கணக்கு. ஆனால் சூரியன் மேலே, முகம் கீழே பார்ப்பதால் நிழலில். பிரகாசமான வானத்தைப் பார்த்துக் கேமரா ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கும். ஷட்டர் வேகத்தை நிலையாக வைத்து, ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டு, வெளிச்சத்தை அரை முதல் ஒரு படி கூட்டிவைத்தால் விமானத்துக்குள் இருட்டு, வெளியே வெயில் இரண்டையும் ஓரளவு சமாளிக்கும்.

அப்படியானால் ஆக்‌ஷன் கேமராவே போதாதா

பெரும்பாலானவர்களுக்குப் போதும். 150 கிராம் அளவு எடை, பதிவை விமானத்தில் ஏறும்போதே தொடங்கிவிடலாம், வாய்ச் சுவிட்ச் வேண்டாம், ஃபோகஸ் செய்யவே தேவையில்லை. 4கே வீடியோவின் ஒரு சட்டம் 83 லட்சம் பிக்சல், அதாவது 8 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். திரையில் பார்க்கவும், 12 அங்குல அகலத்தில் அச்சிடவும் அது போதும்.

குறை எங்கே வருகிறது என்றால் சென்சாரின் அளவில். பல ஆக்‌ஷன் கேமராக்களில் நீண்டகாலம் இருந்த சென்சாரின் பரப்பு ஏபிஎஸ்-சி சென்சாரில் பதின்மூன்றில் ஒரு பங்குதான். நல்ல வெயிலில் இது தெரியாது. மாலை வெளிச்சத்திலும் நிழலான முகத்திலும் நன்றாகத் தெரியும். வீடியோவிலிருந்து சட்டத்தை உருவினால் ஷட்டர் வேகமும் நம் கையில் இருக்காது.

யாருக்கு எது என்று பிரித்தால் இப்படி வரும்:

1. தன் குதிப்புகளை நினைவுக்காகப் பதிவுசெய்பவருக்கு ஆக்‌ஷன் கேமரா மட்டும்.

2. அணிப் போட்டிகளில் படமெடுப்பவருக்கு வீடியோதான் உயிர். நால்வர் அணிப் போட்டியில் கேமராக்காரர் ஐந்தாவது உறுப்பினர், நடுவர்கள் மதிப்பெண் போடுவதே அவர் கொண்டுவரும் வீடியோவைப் பார்த்து. யார் யாரைப் பிடித்திருக்கிறார் என்பது சட்டத்துக்குள் தெளிவாகத் தெரிய வேண்டும், அழகு இரண்டாம்பட்சம்.

3. டேண்டம் பயணிகளுக்குப் படம் எடுத்து விற்பவருக்கும், அச்சுக்குப் படம் தருபவருக்கும்தான் இதுவரை பேசிய ஸ்டில் கேமரா. அவர்களும் பக்கத்தில் ஒரு ஆக்‌ஷன் கேமராவை வீடியோவுக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

முதல்முறை டேண்டம் குதிக்கப் போகும் பயணி எதையும் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களில் அவர் தன் கேமராவைக் கொண்டுபோக விடவும் மாட்டார்கள்.

சிக்கல் என்ற சொல்லின் நேர்ப்பொருளில்

ஹெல்மெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எதிலும் பாராசூட் கயிறு மாட்டலாம். சிறியது என்பதால் ஆக்‌ஷன் கேமரா பாதுகாப்பானது என்று நினைப்பதும் தவறு. தண்டில் ஏற்றி நிறுத்திய ஒரு சின்னக் கேமராவும் அதன் அடியில் உள்ள இடைவெளியும் கயிறு நுழையச் சரியான இடம். ஹெல்மெட்டோடு ஒட்டி, இடைவெளி இல்லாமல், கூர்மூலை இல்லாமல் பொருத்துவதே முறை. மாட்டிக்கொண்டால் ஒரே இழுப்பில் ஹெல்மெட்டையோ கேமராவையோ கழற்றிவிடும் ஏற்பாடும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் குக்கி, இத்தாலியின் டான்ஃப்ளை போன்றவை இதற்கென்றே ஹெல்மெட் செய்கின்றன. திரும்பி மடங்கும் திரை, வெளியே தொங்கும் கம்பி, வியூஃபைண்டரின் ரப்பர் எல்லாமே இந்தக் கோணத்தில் குறைகள்தான்.

கயிறு மட்டும் ஆபத்தில்லை, கவனம் சிதறுவதும் ஆபத்து. 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில், 800-க்கும் மேற்பட்ட குதிப்புகள் அனுபவமுள்ள ஒருவர் மற்றவர்களைப் படமெடுக்கக் குதித்தார். வீடியோ கருவிகள் அவர் உடலில் இருந்தன, பாராசூட் இல்லை. மாட்ட மறந்திருந்தார். கேமரா கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது.

அமெரிக்கப் பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ, கேமராவோடு குதிக்கும் முன் சி உரிமம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதற்குக் குறைந்தது 200 குதிப்புகள் வேண்டும். அதோடு, பயன்படுத்தப் போகும் அதே பாராசூட்டில் அண்மையில் 50 குதிப்பாவது செய்திருக்க வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் கேமராவுக்கும் இதே அளவுகோல்தான். அந்த எண்ணிக்கையை எட்டாதவர் இப்போதைக்குக் கேமராவுக்குச் செலவிடும் பணத்தைக் குதிப்புகளுக்குச் செலவிடலாம்.

பழைய கேமரா வாங்குவோருக்கு

மேலே சொன்ன தேவைகளை வைத்துப் பார்த்தால் பத்தாண்டு பழைய கேமராவே பொருந்திவிடுகிறது, அதனால் பலர் இரண்டாம் கை கேமராவுக்குப் போகிறார்கள். பார்க்க வேண்டியது ஷட்டர் எண்ணிக்கை. தொடக்கநிலை எஸ்எல்ஆர்களின் ஷட்டர் சுமார் ஒரு லட்சம் படங்களுக்குத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குதிப்புக்கு 100 படம், நாளுக்குப் பத்துக் குதிப்பு என்று தொழிலாகச் செய்பவருக்கு அது 100 நாள் வேலைதான். வாரக்கடைசியில் மட்டும் குதிப்பவருக்கு ஆண்டுக்கணக்கில் வரும்.

வாங்கியபின், வானத்துக்கு எடுத்துப் போகும் முன் தரையில் செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு. அடியில் இருக்கும் ஒற்றைத் திருகில் கேமரா பக்கவாட்டில் சுழலாதபடி விளிம்புள்ள தகடு வைத்து, கையால் அல்லாமல் கருவியால் முறுக்க வேண்டும். பட்டென்று கழற்றும் தகடுகள் இங்கே ஆகாது. பேட்டரி மூடி, கார்டு மூடி, முறை மாற்றும் வட்டு, ஃபோகஸ் சுவிட்ச் எல்லாவற்றின்மேலும் நாடா. அப்புறம் முழு உடுப்போடு, கையுறையும் கண்ணாடியும் போட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு 25 நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள், விமானம் ஏறும் நேரத்தைவிடச் சற்று அதிகம். பிறகு எழுந்து நின்று, எதையும் தொடாமல், சுவிட்சைக் கடியுங்கள். இரண்டரை மீட்டர் தள்ளி நிற்பவரின் முகம் கூர்மையாக, சட்டத்தின் நடுவில் விழுந்திருந்தால் கேமரா தயார். கடித்தும் ஷட்டர் சத்தம் கேட்காவிட்டால், தூங்கும் நேர அமைப்பை முதலில் பாருங்கள், ரிமோட் கம்பியை அடுத்து.